ஜவ்வரிசியின் மும்பை வழக்கு

மரவள்ளி மாவில் கொதிக்கும் சர்க்கரைப் பாகை ஊற்றிப் பிசைந்து, பட்டாணி அளவு உருட்டி, வேகவைத்து, ஆறிய பால் தேநீரில் போட்டால் அது பபுள் டீ. அதே மாவில் ஆலை உருட்டித் தந்த சின்ன உருண்டையை வேகவைத்துப் பாலும் சர்க்கரையும் சேர்த்து, ஏலக்காய் தட்டிப் போட்டால் அது ஜவ்வரிசிப் பாயசம். மும்பையின் தமிழர் பகுதிகளான மாதுங்காவிலும் செம்பூரிலும் இன்று இந்த இரண்டும் ஒரே அடுப்பில் நடக்கின்றன. ஆனால் முன்னதைச் செய்யும் பேத்தி தைவான் மோகத்தில் இருப்பதாகவும், பின்னதைச் செய்யும் பாட்டி மரபைக் காப்பதாகவும் பேசிக்கொள்கிறோம். இந்தப் பிரிவினைக்கு வரலாற்றில் ஆதாரம் குறைவு. பாட்டியின் முத்தும் வெளியூர்ச் சரக்குதான். அதைப் பழசாக்கியது மும்பையின் விரத அடுப்பு. உருட்டிக் கொடுத்தது சேலம். பேத்தி செய்வது அந்தக் கதையின் இன்னொரு கிளை, அவ்வளவே.

தைவான் பங்கை முதலில் சொல்லிவிடலாம், அது நீளமானதல்ல. அங்கே மரவள்ளி முத்து முன்பே பனிக்கட்டிச் சீவலோடு தின்னும் தெருப்பண்டமாக இருந்தது. அதைத் தேநீரில் போட்டது யார் என்பதில்தான் சண்டை. தாய்நான் நகரின் ஹான்லின் தேநீர்க்கடை 1986 என்கிறது. தாய்ச்சுங் நகரின் சுன் ஷுய் தாங் கடை, தங்கள் ஊழியர் லின் சியூ ஹுய் ஓரிரு ஆண்டு கழித்துச் செய்தது என்கிறது. பத்தாண்டு நீதிமன்றம் ஏறி இறங்கிய இந்த வழக்கு 2019ல், இது யாரும் செய்யக்கூடிய ஒரு பானவகை, யார் முதலில் என்று தீர்ப்பளிக்கத் தேவையில்லை என்பதோடு முடிந்தது. நியாயமான முடிவு. இருந்த பொருள்கள் இரண்டை ஒரு கோப்பையில் சேர்த்ததுதான் அங்கே நடந்த புதுமை.

இருந்த பொருள் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கதை நம் பக்கம் திரும்புகிறது. மரவள்ளி தென் அமெரிக்கச் செடி. போர்த்துகீசியர் வழியாக மலையாளக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதைக் குடிமக்களின் பசி தீர்க்கும் பயிராகப் பரப்பினார். ஆனால் கிழங்கு வந்ததாலேயே முத்து வந்துவிடவில்லை. கிழங்கை அவித்து மீன் குழம்போடு தின்பது ஒன்று. அதை அரைத்துப் பாலெடுத்து, மாவைப் படியவிட்டு, குலுக்கி உருட்டி, சூட்டில் இறுக்குவது வேறு வித்தை. அந்த வித்தை முதிர்ந்த இடம் மலாய் உலகம். அங்கே சேகோப் பனையின் தண்டை இடித்து மாவெடுப்பது பழைய வழக்கம். 19ஆம் நூற்றாண்டில் மலாக்கா, சிங்கப்பூர், பினாங்கு வட்டாரத்துச் சீன ஆலைகள் பனைமாவையும், பிறகு மரவள்ளி மாவையும் முத்தாக்கிக் கப்பலேற்றின. இந்தியத் துறைமுகங்களுக்கு வந்த ஜவ்வரிசி அந்தக் கப்பல் சரக்கு. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. அந்த மாதமே பினாங்கு விழுந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் போயிற்று. கப்பல் நின்றது, சரக்கும் நின்றது. சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார் தொழில் நிமித்தம் கேரளம் போய்வந்தவர், மரவள்ளி மாவின் அருமை அறிந்தவர். பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவுக்கோ முத்து உருட்டும் முறை தெரியும். ஒருவரிடம் மாவு, இன்னொருவரிடம் கைப்பழக்கம். 1943ல் சேலத்தில் ஜவ்வரிசி உருளத் தொடங்கியது. அதாவது, தமிழ்நாட்டு ஜவ்வரிசித் தொழிலுக்கு வயது எண்பதைச் சற்றே தாண்டியிருக்கிறது. நம் வீடுகளில் அதைவிட வயதான மனிதர்கள் இருக்கிறார்கள்.

உருட்டியதைத் தின்றவர் யார்? இங்கேதான் மும்பை வருகிறது. தமிழ்நாட்டில் ஜவ்வரிசி என்றால் பண்டிகைப் பாயசம், வெயில்கால வடாம், காய்ச்சல்காரருக்குக் கஞ்சி. மாதம் ஒரு வீட்டுக்குக் கால் கிலோ போனால் அதிகம். இதை நம்பி சேலம், நாமக்கல், தர்மபுரி வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான ஆலைகள் நிற்க முடியாது. அவற்றை நிறுத்தியது மராட்டிய நாட்டின் உபவாசம். ஆடி ஏகாதசி, மகாசிவராத்திரி, நவராத்திரி, சிராவண மாதத்துச் சோமவாரங்கள் என்று விரதநாள் வரிசையாக வருகிறது. அன்று தானியம் கூடாது. அரிசி, கோதுமை, பருப்பு விலகும். அங்கே சாபுதானா எனப்படும் ஜவ்வரிசி தானியமல்ல, எனவே உள்ளே வரலாம். கிச்சடி, வடை, கீர் என்று ஒரு நாள் முழுவதையும் அதைக் கொண்டே ஓட்டிவிடலாம். குஜராத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் இதே கணக்குதான். சேலத்து மூட்டைகள் வடக்கே போகும் பாதையை வகுத்தது பஞ்சாங்கம்.

விரதம் தொன்மையானது, சந்தேகமில்லை. அன்று உண்ணும் தட்டு அப்படியல்ல. சாபுதானா கிச்சடியைப் பிரித்துப் பார்க்கலாம்: மரவள்ளி முத்து, வறுத்துப் பொடித்த நிலக்கடலை, உருளைக்கிழங்குத் துண்டு, பச்சைமிளகாய். நான்குமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள்; கொலம்பஸுக்கு முன் இந்த மண்ணில் ஒன்றுகூட இல்லை. நெய்யும் சீரகமும் மட்டுமே ஊர்க்காரர்கள். தெய்வத்துக்காகப் பட்டினி கிடக்கும் நாளில், சாத்திரம் அறியாத நான்கு பொருளும் சேர்ந்து சாத்திரோக்தமாகிவிட்டன. இதில் குற்றம் காண ஒன்றுமில்லை. தானியம் கூடாது என்ற விதிதான் புதிய பொருள்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. விதி எழுதப்பட்டபோது இல்லாத பொருளை விதியால் விலக்க முடியாதல்லவா. பழைய விரத உணவுகளான குதிரைவாலிச் சோறு, கருணைக்கிழங்கு எல்லாம் இன்னும் மறையவில்லை. ஆனால் தாதர் சந்தையில் ஏகாதசிக்கு முந்தைய நாள் எந்த மூட்டை முதலில் காலியாகிறது என்பதில் யாருக்கும் ஐயமிராது.

மும்பைத் தமிழரின் நிலை இதில் விசித்திரமானது. முத்து உருளும் மாநிலத்திலிருந்து வந்தவர்கள், அதைத் தின்னும் வகையை வந்த இடத்தில்தான் கற்றுக்கொண்டார்கள். தமிழ் வைதிக வீடுகளில் ஏகாதசிப் பலகாரம் என்றால் ரவை உப்புமா, அவல் அல்லது கோதுமைப் பண்டம். அரிசிச் சோறுதான் விலக்கு. கோதுமையையும் சேர்த்து விலக்கும் மராட்டிய முறையை மாதுங்கா அக்கம்பக்கத்தில் பார்த்த பிறகே ஜவ்வரிசிக்கு அந்த அடுப்புகளில் உப்புமா வடிவம் வந்தது. சேலத்துச் சரக்கு சாபுதானா என்ற பெயரில் திரும்பித் தமிழ்வீட்டுக்குள் நுழைந்தது என்று சொன்னால் மிகையில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. சேலம் உருட்டத் தொடங்குமுன்பே பம்பாயில் சாபுதானா இருந்ததே என்பது முதலாவது. இருந்தது, மலாயாக் கப்பலில் வந்தது. அது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. இறக்குமதிச் சரக்கு ஒன்று விரதத்தட்டில் ஏறி, வந்த வழி மறந்து, பிறகு அதன் உள்நாட்டு மாற்றும் கேள்வியின்றி ஏற்கப்பட்டது. பனைமாவு முத்துக்கும் கிழங்குமாவு முத்துக்கும் உள்ள வேறுபாட்டை அரசும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உணவுக் கலப்படத் தடை விதிகள், பனை மாவில் செய்தாலும் மரவள்ளியில் செய்தாலும் இரண்டையும் ஒரே பெயரில் அங்கீகரித்தன. அடுப்பில் ஏற்கெனவே நடந்துவிட்டதைச் சட்டம் பின்னால் வந்து எழுதிக்கொண்டது.

இரண்டாவது மறுப்பு கனமானது. ஜவ்வரிசியும் பபுள் டீ முத்தும் ஒன்றல்ல, மளிகைக்கடைச் சாபுதானாவைத் தேநீரில் போட்டால் கிடைப்பது கஞ்சி என்பார்கள். சமையலாக இது சரி. சேலத்து ஆலையில் முள்ளுவாடி போன்ற ரகக் கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, சல்லடையில் பால் வடித்து, தொட்டியில் மணிக்கணக்கில் படியவிடுகிறார்கள். ஈரமாவைத் தூளியில் இட்டுக் குலுக்கும்போது மணிமணியாகத் திரள்கிறது. அதைச் சலித்து, எண்ணெய் தடவிய சூட்டுத் தட்டில் வாட்டி, சிமெண்டுக் களத்தில் வெயிலில் காயவிடுகிறார்கள். தட்டில் வெந்தது மேல்தோல் மட்டும், உள்ளே மாவு பச்சை. அதனால்தான் கிச்சடிக்கு ஊறவைத்த தண்ணீரின் அளவு சற்றுத் தவறினாலும் வாணலியில் களியாகிவிடுகிறது. பபுள் டீ முத்தில் வேலை வேறு வரிசையில் நடக்கிறது. பாகு தளதளவென்று கொதிக்கும்போதே மாவில் ஊற்ற வேண்டும். மாவின் ஒரு பங்கு அந்தச் சூட்டில் வெந்து பசையாகி, மீதிப் பச்சை மாவைப் பிடித்துக்கொள்ளும். பாகு கொஞ்சம் ஆறியிருந்தால் பசை பிறக்காது. கையில் அழுத்தினால் கட்டியாகவும் விட்டால் வழிந்தோடுவதாகவும் ஒரு சேறு கிடைக்கும். அதை உருட்ட முயன்றவர்களின் புலம்பல் ஊரெல்லாம் கேட்கிறது. சரியாக வந்த மாவை உருட்டி, உலர்மாவில் புரட்டி, அரைமணி நேரம் வரை கொதிக்கவிட்டு, மூடிவைத்து, பாகில் ஊறப்போட்டால் பல்லில் இழுக்கும் அந்தப் பதம் வரும். ஆக, அளவும் வரிசையும்தான் வேறு. மாவைப் பாதி வேகவைத்து மீதியைக் கட்டிப் பிடிப்பது இரண்டிலும் பொது. குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டுமே விறைத்துப்போவதும் பொது. ஆறிப்போன கிச்சடியைத் தின்றவர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

சரி, பாயசம் பாயசம்தான், பானத்துக்குள் மெல்லும் பொருளைப் போடுவது நம் பழக்கமா என்று மூன்றாவதாகக் கேட்கலாம். மும்பையில் நின்றுகொண்டு இதைக் கேட்கக்கூடாது. கிராஃபோர்டு மார்க்கெட் எதிரே பாதுஷா கடை 1905லிருந்து பலூடா விற்கிறது. இனிப்புப் பால், மாவுச் சேமியா, ஊறிய சப்ஜா விதை, ரோஜாப் பாகு. பாதி குடித்து, பாதி மென்று, அடியில் தங்கியதைக் கரண்டியால் வழித்துத் தின்னும் பண்டம். பிரிவினைக்குப் பின் செம்பூர் முகாமில் குடியேறிய சிந்திகள் குல்பியோடு பலூடாவைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பால் தேநீரை இரானி ஓட்டல்கள் ஊருக்கே பழக்கின. மெல்லும் மாவு, இனிப்புப் பால், தேநீர் மூன்றும் ஒரே ஊரில் தனித்தனி மேசைகளில் உட்கார்ந்திருந்தன. அவற்றை ஒன்றாக உட்காரவைத்தது வேறொரு தீவு என்பதில் கொஞ்சம் வெட்கப்படலாம். அந்நியம் என்று முகம் சுளிக்க இடமில்லை. மாதுங்காக்காரர்கள் தேநீரே தங்கள் பானமல்ல, காப்பிதான் என்று வாதிக்கக்கூடும். காப்பியும் தமிழ்வீட்டுக்குள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திட்டு வாங்கிக்கொண்டே வந்ததுதான், ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்று நூலின் தலைப்பிலேயே அதைச் சொல்லிவிட்டார்.

கடையில் வாங்குவதைவிட வீட்டில் செய்வதற்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. மும்பையில் ஓர் உணவு ஊர்க்காரனாவது பெரும்பாலும் வீட்டு வாசலில்தான். தாராவித் தமிழ் வீடுகளில் விடியுமுன் அவித்த இட்லி மிதிவண்டியேறி நகரம் முழுக்கப் போகிறது. அங்கே பிழிந்த முறுக்கு சக்லியாகி எல்லாத் தட்டுக்கும் வருகிறது. கவிழ்த்த பிரம்புக் கூடைகள்மேல் அப்பளம் காய்கிறது. 1959ல் கிர்காவ் மொட்டைமாடியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய அப்பளத் தொழில்தான் லிஜ்ஜத். பெரிய ஆலை பண்டத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். அதன் பதத்தையும் இனிப்பையும் ஊர் நாக்குக்கு ஏற்ப வளைப்பது வீட்டுக் கை. பபுள் டீயில் தைவானின் பழுப்புச் சர்க்கரைக்குப் பதில் வெல்லமும், பால்பொடிக்குப் பதில் காய்ச்சிய பாலும், சிலசமயம் இஞ்சி ஏலக்காயும் நுழைவது அந்த வேலைதான். சர்க்கரை அதிகம், சத்து இல்லை என்ற குறை உண்மை. ஆனால் மாவுச்சத்தைத் தவிர வேறெதுவும் இல்லாத முத்தை நெய்யில் புரட்டி விரதம் என்று சாப்பிட்டவர்கள் அந்தக் குறையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வது நல்லது.

எனக்கு உள்ள கவலை வேறு. வாங்குபவரின் விருப்பம் ஆலையை எப்படி வளைக்கும் என்பதைச் சேலம் ஏற்கெனவே அனுபவித்திருக்கிறது. வடக்குச் சந்தை பளிச்சென்ற வெண்மையைக் கேட்டது. வெண்மைக்கு விலை கூடியது. சில ஆலைகள் வெளுப்பு இரசாயனத்தையும் மலிவான மக்காச்சோள மாவையும் கலக்கத் துணிந்தன, உணவுப் பாதுகாப்புத் துறைச் சோதனைகளும் தொடர்ந்தன. 1981ல் உருவான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும், 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் அந்தப் பெயரைக் காக்கும் முயற்சிகள். பபுள் டீ முத்துக்கு இந்த வெண்மைத் தொல்லை கிடையாது. அது வெல்லத்தில் கறுத்தே இருக்க வேண்டும். கிழங்குமாவின் இயல்பான மங்கல் நிறம் அங்கே குறையாகாது, வெளுக்க வேண்டிய அவசியமும் எழாது. உலகச் சந்தையில் மரவள்ளி மாவு ஏற்றுமதியில் தாய்லாந்துதான் முன்னே நிற்கிறது. அதை முந்துவது வேறு பேச்சு. மும்பை வீட்டில் பிசையும் ஒரு கிண்ண மாவு சேலத்து மாவாக இருப்பதற்கு, மாதுங்கா மளிகைக்கடையில் சாபுதானா மூட்டைக்குப் பக்கத்தில் அரைக்கிலோ பொட்டலமாக வெளுக்காத சேலத்து மாவு இருந்தால் போதும்.