குருதி ஓட்டமும் கணித நோட்டமும்

உடலினுள் ஓடும் குருதியைக் கண்ணாற் கண்டோர் பலர். கணக்காற் கண்டோர் சிலரே. எனினும், கண் காட்டாத மறைபொருளைக் கணக்கே காட்டியது என்பதை மருத்துவ வரலாறு கற்றார் அறிவர். இந்நாளில், லயம் தப்பித் துடிக்கும் ஒருவரது இருதயத்தின் உருவைக் கணிப்பொறியினுள் அமைத்து, அதனுள் குருதி எங்கே விரைகிறது, எங்கே தேங்குகிறது என்று ஆராயும் கலை வளர்ந்து வருகிறது. இது நேற்று முளைத்த புதுமையன்று. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக வளர்ந்த மரத்தின் ஒரு கிளையே ஆகும். அம்மரத்துக்கு நீர் வார்த்தோருள் தமிழரும் உளர். மைசூர் அரசும் அதற்கு நிலம் தந்தது. அவ்வரலாற்றைச் சங்கத்து அன்பர்கள்முன் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற் கணக்கு

குருதி கல்லீரலில் ஊறி உடலெங்கும் பரவி ஆங்காங்கே செலவாகிவிடுகிறது என்றே மேலைநாட்டு மருத்துவர் பன்னூறாண்டுகள் நம்பியிருந்தனர். லண்டன் மாநகரில் புனித பார்த்தலோமியு மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் ஹார்வி என்பார் 1628-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அந்நம்பிக்கையைத் தகர்த்தார். அதற்கு அவர் எடுத்த படைக்கலங்களுள் ஒன்று எளிய பெருக்கற் கணக்கு. ஒரு துடிப்புக்கு அரை அவுன்சு குருதி வெளியேறுவதாகக் கொள்வோம். அரைமணி நேரத்தில் இருதயம் ஆயிரம் முறை துடிப்பதாகவும் கொள்வோம். அவ்வாறாயின் அரைமணியில் 500 அவுன்சு குருதி வெளியேற வேண்டும். உண்ணும் உணவு அத்துணைக் குருதியை ஈந்துவிட முடியுமோ? முடியாது. ஆகவே, சென்ற குருதியே மீண்டு வருகிறது; அது சுழன்றோடுகிறது என்று ஹார்வி முடிவு கட்டினார்.

தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களை ஹார்வி கண்டாரல்லர். அவர் மறைந்தபின், 1661-இல், இத்தாலி நாட்டு மால்பிகி என்பார் தவளையின் நுரையீரலில் அவற்றை நுண்பெருக்கியால் கண்டார். கணக்கு முன்னே சென்றது. கண் முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்தே பின்தொடர்ந்தது.

ஓட்டத்தின் சமன்பாடு

குருதி சுழல்கிறது என்று அறிந்தால் மட்டும் போதுமோ? அது எவ்விதியின்படி ஓடுகிறது என்பதும் அறியப்பட வேண்டும். பிரஞ்சு மருத்துவரான புவாசேய் 19-ஆம் நூற்றாண்டில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீர்மங்களை ஓடவிட்டு அளந்தார். நேவியர் 1822-இலும் ஸ்டோக்ஸ் 1845-இலும் நீர்மத்தின் ஓட்டத்தை விளக்கும் சமன்பாடுகளை வகுத்தனர். காவிரிப் பெருக்குக்கும் கைந்நாடிக்கும் பொதுவான விதி அது. ஆயினும் அச்சமன்பாடுகளை இருதயத்துக்குப் பொருத்தி விடைகாணல் மனிதக் கையால் ஆகும் செயலன்று. ஆற்றின் கரை அசையாது நிற்கும். இருதயத்தின் கரையோ ஒவ்வொரு நொடியும் சுருங்கி விரியும்.

அவ்விடத்திற்கு ஒரு விந்தையான மனிதர் வந்தார். ஜான் வாமர்ஸ்லி என்னும் கணித வல்லுநர், 1945-இல் ஆலன் டூரிங் என்னும் பேரறிஞரைப் பிரிட்டிஷ் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்திற்கு அழைத்துக் கணிப்பொறி ஒன்றை வகுக்கும் பணியில் அமர்த்தியவர். அவரே பத்தாண்டுகளுக்குப் பின், ஹார்வி பணியாற்றிய அதே புனித பார்த்தலோமியு மருத்துவமனையைச் சார்ந்த கல்லூரியில் அமர்ந்து, துடித்துத் துடித்து ஓடும் குருதியின் வேகத்தைக் கணக்கிடும் முறையை 1955-இல் வெளியிட்டார். குருதியும் கணிப்பொறியும் ஒரே மனிதரின் வாழ்வில் சந்தித்தன எனின் மிகையாகாது.

லயமும் ஓட்டமும்

நிற்க. இருதயத்தில் ஓடுவது குருதி மட்டுமன்று; மின்னலையும் ஓடுகிறது. வலது மேலறையில் உள்ள ஒரு சிறு முடிச்சே தாளம் போட்டுத் தொடங்கி வைக்கிறது. அம்முடிச்சைக் கீத், பிளாக் என்னும் இருவர் 1907-இல் கண்டறிந்தனர். டெனிஸ் நோபிள் என்னும் ஆங்கில இளைஞர், லண்டன் பல்கலைக்கழகக் கணிப்பொறியில் நள்ளிரவு கடந்து தமக்கு ஒதுக்கப்பெற்ற நேரத்தில் உழைத்து, இருதயத் தசையிழையின் மின்துடிப்பைக் கணக்கிட்டு 1960-இல் வெளியிட்டார். சார்லஸ் பெஸ்கின் என்னும் அமெரிக்கர் 1972-இல், அசையும் வால்வைச் சுற்றிக் குருதி ஓடும் விதத்தைக் கணிப்பொறியால் கணக்கிடும் முறையை நியூயார்க்கில் வகுத்தார்.

இவ்விரு நெறிகளும் கூடும் இடமே லயக்கேடு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என மருத்துவர் வழங்கும் மேலறை நடுக்கத்தில், மின்னலை ஒழுங்கிழந்து சுழல்கிறது. மேலறைகள் சுருங்குவதற்கு மாறாக வெறுமனே நடுங்குகின்றன. இடது மேலறையின் ஓரத்தில் காதுமடல் போன்ற சிறு பையொன்று உண்டு. மேலறை நன்கு சுருங்கினால் அப்பையும் கழுவப்பெறும். நடுங்கினாலோ அங்கே குருதி தேங்கும். ஓடும் ஆற்றில் பாசி படர்வதில்லை. ஒதுங்கிய குட்டையில் படர்கிறது அன்றோ? அங்ஙனமே தேங்கிய குருதி கட்டியாகிறது. அக்கட்டி பெயர்ந்து மூளைக்குச் செல்லின் பக்கவாதம் நேரும். இந்நடுக்கம் உடையார்க்குப் பக்கவாதம் நேரும் வாய்ப்பு ஏனையோரினும் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்பர். தாளம் தப்பியது நெஞ்சில். தண்டனை பெறுவதோ கையும் காலும் நாவும்!

நம்மவர் பங்கு

பர்மாவில் 1917-இல் பிறந்த தமிழ்ப் பெண்மணி டாக்டர் சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி, ரங்கூனில் மருத்துவம் கற்று, உலகப்போரின் கொடுமையால் கோவைக்குக் குடிபெயர்ந்தவர். பின்னர் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஹார்வர்டு ஆகிய நிலையங்களில் இருதய மருத்துவம் பயின்று, 1953-இல் தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இந்தியாவின் முதற் பெண் இருதய மருத்துவர் எனப் போற்றப்பெற்றார். 1962-இல் அகில இந்திய இருதய நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 2020-இல் தமது 103-ஆம் அகவையில் மறைந்தார். அவர் பெரிதும் ஆராய்ந்த நோய்களுள் ஒன்று, சிறுவரைப் பற்றும் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெடும் நோய். வால்வு குறுகினால் மேலறை பெருக்கும், பெருத்த மேலறையில் நடுக்கம் தோன்றும், ஓட்டம் தேங்கும். நம் நாட்டில் இளம் வயதினர்க்கும் லயக்கேடு வருவதற்கு இஃது ஒரு பெருங்காரணம்.

இனி மைசூரின் பங்கைக் காண்போம். பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகம் எழ மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் வழங்கியது. 1909-இல் கழகம் நிறுவப்பெற்றது. அக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் ராகுல் பண்டிட், சிதாப்ர சின்ஹா முதலியோர் 2001-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இருதயத் தசையைக் கணிப்பொறியில் அமைத்து, அதனைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, கட்டங்களின் எல்லைக் கோடுகளில் மட்டும் மெல்லிய மின்துடிப்பைச் செலுத்தினால், உயிரைக் குடிக்கும் சுருளலைகள் அடங்கும் என்று அவர்கள் கணக்கிட்டுக் காட்டினர். சின்ஹா பின்னர்ச் சென்னைத் தரமணியில் உள்ள கணித விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியராய் அமர்ந்தார். அக்கழகத்தை 1962-இல் நிறுவியவர் அல்லாடி இராமகிருஷ்ணன். மன்னர் தந்த நிலத்தில் விளைந்த ஆய்வுக்குத் தமிழகமும் வீடளித்தது. காவிரியைப் போலவே அறிவும் இரு நாட்டுக்கும் பொதுவாயிற்று.

கணக்கின் பயனும் எல்லையும்

இன்று ஆய்வாளர் செய்வது யாது? நோயாளியின் இருதயத்தை ஸ்கேன் படமெடுத்து, அவ்வறையின் உருவைக் கணிப்பொறியில் அமைக்கின்றனர்; அதனை இலட்சக்கணக்கான நுண்கூறுகளாகப் பகுக்கின்றனர்; நேவியர், ஸ்டோக்ஸ் ஆகியோரின் சமன்பாடுகளைக் கூறுதோறும், கணந்தோறும் தீர்க்கின்றனர். குருதி தேங்கும் மூலை அப்போது புலப்படுகிறது. பத்மாவதி அம்மையார் பயின்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நட்டாலியா டிரயனோவா என்பாரின் குழுவினர், மின்னலையைக் கணக்கிட்டு, மேலறையில் எவ்விடத்தைச் சுட்டால் நடுக்கம் நிற்கும் என்று முன்னரே குறித்துக் கொடுத்து, பத்து நோயாளரிடம் பயன்படுத்தி 2019-இல் வெளியிட்டனர்.

பத்தென்பது சிறு தொகையே. ஓட்டக் கணக்கு இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலேயே உள்ளது. குருதி உறையாமைக்கு மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர் இன்று வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, முன்பு வந்த பக்கவாதம் முதலியவற்றுக்கு மதிப்பெண் இட்டே முடிவு செய்கின்றனர். அம்மதிப்பெண்ணில் ஒருவரது மேலறையில் குருதி ஓடும் வேகத்துக்கு இடமில்லை. எல்லார்க்கும் பொதுவான கணக்கை ஒவ்வொருவர்க்கும் உரிய கணக்காக ஆக்குவதே இப்புதுக்கலையின் குறிக்கோள். அது கைகூடுங்கால், மருந்து வேண்டாதார்க்கு வீண் குருதிப்போக்கும், வேண்டுவார்க்குப் பக்கவாதமும் நேராமற் காக்கலாம்.

ஆனால் ஒன்று: எத்துணைப் பெரிய கணிப்பொறியும் தன்னிடம் வராத நோயாளிக்கு உதவ இயலாது. மேலறை நடுக்கம் பலரிடம் ஓசையின்றியே குடியிருக்கும். ஆதலின், நம் இல்லத்துப் பெரியோரின் மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே இருவிரல் வைத்து, ஒரு நிமிட நேரம் எண்ணுவோமாக. துடிப்பு சீரின்றி வருமாயின், அஞ்சாமலும் தாமதியாமலும் மின்வரைபடம் எடுக்கச் செய்வோமாக. கிருஷ்ணராஜ மருத்துவமனையும் ஜெயதேவா இருதய நிலையத்தின் கிளையும் நம் ஊரிலேயே உள்ளன. மருத்துவர் தந்த மருந்தை, உடல் தேறிவிட்டதென்று தாமே நிறுத்தாதிருப்போமாக. தொண்டை நோவும் மூட்டு வீக்கமும் காய்ச்சலும் கொண்ட குழந்தையைக் கைவைத்தியத்தோடு விட்டுவிடாதிருப்போமாக.

ஹார்வி எண்ணத் தொடங்கியதும் துடிப்பையே; அவ்வெண்ணிக்கை இன்று கணிப்பொறி வரை வளர்ந்துள்ளது. அதன் முதற்படி இன்றும் நம் விரல்நுனியில் உள்ளது. அப்படியில் ஏறுவது நம் கடன்.