துரோணர் அளந்த கலம்

ஊரிலிருந்து தில்லிக்கு வரும் உறவினரைத் தேசிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லும் நம்மவர், பிப்ரவாவில் கிடைத்த புத்தர் பெருமானின் திருவெலும்புகளையும் காட்டியே திரும்புவர். சிறு சிறு துண்டுகளே அவை. அவற்றின் முன் நின்ற போதெல்லாம் நம் நினைவுக்கு வருபவர் துரோணர். வில்வித்தை பயிற்றிய பாரதத் துரோணர் அல்லர். குசிநகரத்தில் ஒரு போரைத் தவிர்த்த அந்தணர்.

பெருமானின் உடல் எரியூட்டப்பட்டபின், எஞ்சியவற்றில் பங்கு வேண்டுமென மகதத்து அசாதசத்துருவும் வைசாலி இலிச்சவியரும் கபிலவத்துச் சாக்கியரும் பிறரும் தூது விடுத்தனர். தம் மண்ணில் மறைந்தவர் தமக்கே உரியவர் என்றனர் மல்லர். பொறுமையைப் போதித்தவர் பொருட்டுப் பூசலிடுவது தகாது எனத் தடுத்துத் துரோணர் எட்டுக் கூறாக்கினார் என்பது மகாபரிநிப்பான சுத்தம் தரும் செய்தி. தமக்கென அவர் வேண்டியது அளந்த கலம் ஒன்றையே. காலந்தாழ்த்து வந்த பிப்பலிவனத்து மோரியருக்குக் கிடைத்ததோ தணல் மட்டுமே. ஆயினும் எட்டுக் கூறுகளுக்கு எழுந்தது போலவே கலத்துக்கும் ஒரு தூபி எழுந்தது. தணலுக்கும் ஒன்று எழுந்தது. உடனிருந்த பொருளும் திருவுடையதே என அன்று கொண்டனர்.

உத்தரப் பிரதேசத்தின் நேபாள எல்லையோரத்துப் பிப்ரவாவில் 1898இல் நடந்தது வேறு. தம் பண்ணை நிலத்து மேட்டை அகழ்ந்த வில்லியம் கிளாக்ஸ்டன் பெப்பே என்னும் ஆங்கிலேயர் ஒரு கற்பேழையைக் கண்டார். உள்ளே மாக்கல், பளிங்குச் செப்புகள். எலும்புத் துண்டுகளோடு ஏறத்தாழ 1,800 மணிகளும் பொன்னிதழ்களும். ஒரு செப்பின் மீது பிராமி எழுத்தில் புத்தர் பெயரும் சாக்கியர் பெயரும் இருந்தன. ஆங்கில அரசு எலும்புகளைச் சயாம் மன்னர் சுலாலங்கார்னுக்கு அளித்தது. அவர் பர்மாவுக்கும் இலங்கைக்கும் பங்கிட்டுக் கொடுத்தார். இது துரோணர் காட்டிய வழி. மணிகளில் பெரும்பகுதி கல்கத்தா அருங்காட்சியகத்தைச் சேர, மிகையெனக் கருதப்பட்டவை கண்டெடுத்தவரிடமே விடப்பட்டன. எலும்பு வணக்கத்துக்கு, மணி உடைமைக்கு என அன்று ஒரு கோடு கிழிக்கப்பட்டது. வைத்தவர்கள் அப்படிப் பிரித்து வைக்கவில்லையே!

தில்லியில் நாம் கண்டவை, 1971இல் தொடங்கிய அகழாய்வில் கே. எம். ஸ்ரீவாஸ்தவா இன்னும் ஆழத்தில் கண்டெடுத்தவை. அவை 2022இல் மங்கோலியாவுக்கும் 2024இல் தாய்லாந்துக்கும் சென்று, மக்கள் வணங்கியபின் மீண்டன. பெப்பே குடும்பத்து மணிகளோ 2025 மே மாதம் ஹாங்காங்கில் ஏலத்துக்கு வந்தன. இந்திய அரசின் மறுப்பால் ஏலம் நின்றது. ஜூலையில் இந்தியத் தொழிற்குழுமம் ஒன்று வாங்க, அவை தாயகம் சேர்ந்தன. மீட்சி மகிழ்ச்சியே. விலை கொடுத்தே மீட்க நேர்ந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. அவற்றுள் பெரும்பகுதி ஐந்தாண்டுக் காலத்துக்குத் தேசிய அருங்காட்சியகத்துக்கு இரவலாகத் தரப்படும் என அப்போது அறிவிக்கப்பட்டது.