ஓடத் தொடங்கியபின் செயலியை மாற்றாதே
(கேவிஎம் எச்சரிக்கைகள் மூன்றுக்கும் விளக்கவுரை)

லினக்ஸ் கெர்னலுக்குள் மெய்நிகர் இயந்திரங்களை (விஎம்) ஓட்ட உதவும் பகுதி கேவிஎம். கெர்னலோடு வரும் அதன் ஆவணத்தில் 'செட் சிபியூஐடி2' என்றொரு அழைப்பு விவரிக்கப்படுகிறது. ஒரு விஎம்முக்கு எந்தெந்தச் செயலி (சிபியூ) வசதிகளைக் காட்டலாம் என்று கேவிஎம்மிடம் சொல்வது அதன் வேலை. அந்தப் பகுதியில் மூன்று எச்சரிக்கைகள் உள்ளன. சில வரிகள்தான். விஎம்முக்குள் விஎம் ஓட்டுகிறவர்கள் மனத்தில் இருத்த வேண்டிய வரிகள் அவை.

சுவிட்சர்லாந்தில் இவற்றின் தேவை கண்கூடு. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் 2013 முதல் ஓப்பன்ஸ்டாக் மேகத்தை நடத்துகிறது. அதன் அடியில் இருப்பது கேவிஎம். 2022இல் ரெட்பிளீட், 2025இல் விஎம்ஸ்கேப் என்ற செயலிக் குறைகளை வெளிக்கொண்டு வந்தவர்கள் சூரிச் இடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். இத்தகைய கண்டுபிடிப்பு வரும்போதெல்லாம் கெர்னல் மாறும், சில வேளை செயலிக்குள் இருக்கும் மைக்ரோகோடும் மாறும். அப்போது விஎம்முக்குக் காட்டும் வசதிப் பட்டியல் என்னாவது என்பதே கேள்வி.

இந்த உரையில் எல்0 என்றால் அடியிலுள்ள உண்மையான இயந்திரம். எல்1 அதன்மேல் ஓடும் விஎம். எல்2 எல்1க்குள் ஓடும் விஎம்.

முதல் எச்சரிக்கை

கருத்து: இந்த அழைப்பு தோற்றால், முன்பு சரியாக இருந்த பட்டியல் கெடாமல் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

விளக்கம்: மாற்றம் ஏற்கப்படாவிட்டால் பழைய நிலையே தொடரும் என்று எண்ணுவது இயல்பு. இங்கே அப்படி எண்ணக் கூடாது. அழைப்பு தோற்ற விஎம்மை அழித்துப் புதிதாக உருவாக்குவதே பாதுகாப்பான வழி. எல்1க்குள் இது நடந்தால் எல்2வை மட்டும் அப்படி அழித்து உருவாக்கினால் போதும்.

இரண்டாம் எச்சரிக்கை

கருத்து: விஎம் ஒருமுறை ஓடிய பிறகு பட்டியலை மாற்றினால், அதன் இயக்கம் நிலைகுலையலாம்.

விளக்கம்: மூன்றில் இதுவே கனமானது. கெர்னலும் நூலகங்களும் செயலியின் வசதிகளைத் தொடக்கத்தில் ஒருமுறை கேட்டு, கிடைத்த பதிலை நம்பியே கடைசிவரை நடக்கின்றன. 2014 ஆகஸ்டில் இன்டெல், ஹாஸ்வெல் செயலிகளின் டிஎஸ்எக்ஸ் வசதியில் பிழை கண்டு, மைக்ரோகோடு மூலம் அதை முடக்கியது. ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தில் அந்த மைக்ரோகோடை ஏற்றியவர்கள் விளைவை உடனே பார்த்தார்கள்: பூட்டுகளுக்கு டிஎஸ்எக்ஸைப் பயன்படுத்திய நிரல்கள், 'அறியாத கட்டளை' என்று செத்து விழுந்தன. நிரலில் குற்றமில்லை. தொடக்கத்தில் கிடைத்த பதில் நடுவில் பொய்யாகிவிட்டது.

அடுக்கு கூடினால் ஆபத்தும் கூடும். எல்1 தன் எல்2வுக்குக் காட்டும் பட்டியல், எல்0 தனக்குக் காட்டிய பட்டியலிலிருந்தே வருகிறது. முகவரி எத்தனை பிட், 1 ஜிபி பக்கங்கள் உண்டா என்பவையும் அதில் அடக்கம். எல்1 எழுதிய பக்க அட்டவணைகளைப் படித்து, எல்2 ஓடுவதற்கான நிழல் அட்டவணைகளை எல்0 கட்டுகிறது. ஆனால் முகவரி அகலமும் 1 ஜிபி பக்கங்களும் மாறினால், பழைய நிழல் அட்டவணையைப் புதியதிலிருந்து பிரித்தறியும் குறிப்பு கேவிஎம்மிடம் இல்லை. பழைய கணக்கில் கட்டியதைப் புதிய கணக்கில் படித்தால் நினைவகமே குழம்பும்.

அதனால்தான் 2022 ஜனவரியில் வந்த கெர்னல் 5.16, ஓடிய பிறகு பட்டியலைத் தொடவே கூடாது என்று கதவை அடைத்தது. கேவிஎம்மைக் கொண்டு விஎம்களை ஓட்டும் நிரலான க்யூஇமுவுக்கு அது இடைஞ்சலானது. கழற்றிய மெய்நிகர் செயலியை ஒதுக்கி வைத்து, மறுபடி பூட்டும்போது அதே பட்டியலைத் திரும்பக் கொடுப்பது க்யூஇமுவின் வழக்கம். ஆகவே 5.17, பழைய பட்டியலையே எழுத்து மாறாமல் கொடுத்தால் ஏற்றது, மாறியதைத் தள்ளியது. இந்தத் தளர்வு சரியானது. ஆபத்து மாற்றத்தில்தான், அழைப்பில் இல்லை.

மூன்றாம் எச்சரிக்கை

கருத்து: ஒரே விஎம்மின் மெய்நிகர் செயலிகளுக்கு வெவ்வேறு பட்டியல் தராதே, அடையாள எண், அமைப்பு வரிசை போன்றவை மட்டும் வேறுபடலாம்.

விளக்கம்: ஒரு நிரல் முதல் செயலியில் ஏவிஎக்ஸ்-512 என்ற வசதி இருக்கிறதா என்று பார்க்கும். அடுத்த நொடி ஷெட்யூலர் அதை மூன்றாம் செயலிக்கு நகர்த்தும். அங்கே அந்த வசதி இல்லையென்றால் கதை முடிந்தது. உண்மையான வன்பொருளுக்கும் இதே விதிதான். 2021இல் வந்த ஆல்டர் லேக் செயலிகளின் சிறிய கோர்களில் ஏவிஎக்ஸ்-512 இல்லாததால், பெரிய கோர்களிலும் இன்டெல் அதை அணைத்தது.

தொகுப்புரை

மூன்றையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பொருள் ஒன்றே: வசதிப் பட்டியல், விஎம் பிறக்கும்போது கொடுக்கும் வாக்கு. அதை மாற்ற வேண்டுமானால் விஎம் மறுபடி பிறக்க வேண்டும்.

மாற்றாமலே இருந்துவிடலாமா? கூடாது. 2019இல் எம்டிஎஸ் என்ற செயலிக் குறை வெளியானபோது, திருத்தம் வந்துவிட்டதை விஎம்முக்குச் சொன்னது 'எம்டி-கிளியர்' என்ற கொடி. எல்0வில் மைக்ரோகோடு ஏறியிருந்தும் எல்1க்கு அந்தக் கொடியைக் காட்டாவிட்டால், எல்1இன் கெர்னல் 'பாதிப்புக்குள்ளானது, மைக்ரோகோடு இல்லை' என்றே தன் நிலைக்கோப்பில் எழுதும். தனக்கே தெரியாததை அது எல்2வுக்குச் சொல்ல முடியாது.

ஆகவே வரிசை முக்கியம். நிறுத்துவது மேலிருந்து: முதலில் எல்2, பிறகு எல்1. எல்0வில் வேலை முடிந்ததும் தொடங்குவது கீழிருந்து. விஎம்முக்குள் ரீபூட் கொடுத்தால் போதாது. க்யூஇமு செயல்முறை அப்படியே இருக்கும், பட்டியலும் அப்படியே இருக்கும். முழுதாக அணைத்துத் தொடங்க வேண்டும். எல்2 ஓடும்போது எல்1ஐ வேறு ஹோஸ்ட்டுக்கு, அதாவது வேறு எல்0வுக்கு, மாற்றுவதிலும் கவனம் வேண்டும். ஏஎம்டி செயலிகளில் அப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பொறுப்பில்லை என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது.

ஹோஸ்ட் செயலியை அப்படியே விஎம்முக்குக் காட்டும் 'ஹோஸ்ட்-பாஸ்த்ரூ' அமைப்பு வசதியானது. ஆனால் அடியில் எது மாறினாலும் அடுத்த தொடக்கத்தில் மேலேயும் மாறும். கிளஸ்டரிலுள்ள எல்லா ஹோஸ்ட்டுக்கும் பொதுவான செயலி மாடலைப் பெயர் சொல்லிக் குறிப்பதே பாதுகாப்பு. எல்2 வேண்டுமென்றால் மெய்நிகராக்க வசதியைக் குறிக்கும் விஎம்எக்ஸ் அல்லது எஸ்விஎம் கொடி அதில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை எழுதிவைத்து, மாற்றுவதற்கென ஒரு பராமரிப்பு நேரம் ஒதுக்கி, எல்2வின் உரிமையாளருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். அடியில் நடக்கும் மாற்றத்தைத் தானாகக் கண்டறிய அவருக்கு வழியில்லை. சொல்ல வேண்டிய கடமை எல்0வை நடத்துபவருடையது.