சீர்திருத்தக் கிறித்தவத்தின் தோற்றம்

சீர்திருத்தக் கிறித்தவம் (புரொட்டஸ்தாந்தம்) 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த கிறித்தவப் பிரிவாகும். செருமனியில் இப்பிரிவினைக்கு வழிவகுத்தவற்றுள் ஒரு கடனும் உண்டு.

மைன்சு நகரப் பேராயர் பதவிக்காக ஆல்பிரெக்ட் உரோமைக்குச் செலுத்திய பெருந்தொகை, ஃபுக்கர் வணிகக் குடும்பத்திடம் வாங்கிய கடன். அதை அடைக்கப் பாவமன்னிப்புச் சீட்டுகளை விற்க அவருக்கு அனுமதி கிடைத்தது. வருவாயில் பாதி உரோமையின் புனித பேதுரு பேராலயப் பணிக்கு, மறுபாதி கடனுக்கு. சீட்டு வாங்கிய எளிய மக்கள் இதை அறியவில்லை.

விட்டன்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரும் துறவியுமான மார்ட்டின் லூதர், 1517 அக்டோபர் 31 அன்று இவ்விற்பனையை எதிர்த்து ஆல்பிரெக்டுக்கே கடிதம் எழுதி, 95 கருத்துரைகளையும் இணைத்தார். அவற்றை ஆலயக் கதவில் அறைந்தார் என்பதே பலரும் அறிந்த காட்சி. அது நடந்ததா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இலத்தீனில் அமைந்த அவை அறிஞர் விவாதத்துக்கானவை. தனிச்சபை தொடங்கும் எண்ணம் அப்போது அவருக்கு இல்லை. ஆனால் அச்சு இயந்திரம் அவற்றை நாடெங்கும் கொண்டு சென்றது.

1521இல் திருத்தந்தை பத்தாம் லியோ அவரைச் சபையிலிருந்து விலக்கினார். வோர்ம்சு மன்றத்தில் பேரரசர் ஐந்தாம் சார்லசின் முன்பும் லூதர் தம் கருத்துகளைக் கைவிட மறுத்தார். சாக்சனி ஆட்சியாளர் பிரெடரிக் அவரை வார்ட்பர்க் கோட்டையில் மறைத்து வைத்துக் காத்தார்.

புரொட்டஸ்தாந்தம் என்னும் பெயர் பின்னர் வந்தது. தத்தம் நாட்டுச் சமயத்தை ஆட்சியாளரே முடிவு செய்யலாம் என 1526இல் தந்த சலுகையை 1529இல் சுபையர் மன்றம் திரும்பப் பெற்றது. லூதரை ஆதரித்த இளவரசர்களும் 14 நகரங்களும் எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவித்தனர். 'எதிர்ப்பாளர்' என்பதே அப்பெயரின் பொருள். 1555இல் ஆக்சுபர்க் உடன்படிக்கை பிரிவினையைச் சட்டமாக்கியது. ஆட்சியாளரின் சமயத்தை ஏற்காத குடிமக்கள் சொத்தை விற்றுவிட்டு வெளியேறலாம் என்றது.