கண்டிகோட்டையும் தானவுலபாடு சினாலயமும்

ஆந்திர மாநிலம் கடப்பை மாவட்டத்தில், எர்ரமலைத் தொடரின் மீது அமைந்த சிற்றூர் கண்டிகோட்டை. தெலுங்கில் ‘கண்டி’ என்பது மலையிடுக்கைக் குறிக்கும். அவ்விடுக்கின் விளிம்பில் எழுந்த கோட்டையே ஊருக்குப் பெயராயிற்று. நந்திமலைப் பகுதியில் தோன்றும் வட பெண்ணையாறு, நூறு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட செந்நிறப் பாறைகளை ஊழிதோறும் அறுத்து இங்கே ஆழ்ந்த பள்ளத்தாக்கை அமைத்துள்ளது. இருபுறமும் செங்குத்தாக நிற்கும் பாறைகள், ஓலைச்சுவடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் காட்சி தருகின்றன.

பெம்மசானி நாயக்கர் ஆண்ட இக்கோட்டையை 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டாவின் படைத்தலைவர் மீர் ஜும்லா கைப்பற்றினார். மாதவராயர் கோயில், அரங்கநாதர் கோயில், ஜும்மா மசூதி, தானியக் களஞ்சியம் ஆகியவற்றைக் காண நாள்தோறும் பலர் வருகின்றனர். ஆயினும் அதே ஆற்றங்கரையில், ஜம்மலமடுகு நகருக்கு அருகிலுள்ள தானவுலபாட்டை அறிந்தோர் மிகச் சிலரே.

தானவுலபாடு ஒருகாலத்தில் சிறப்புற்று விளங்கிய சமணத் தலம். ஆற்று மணலில் புதைந்து கிடந்த அதன் சினாலயம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்லியல் துறையினரின் அகழாய்வால் வெளிப்பட்டது. பகவான் பார்சுவநாதரின் நெடிய திருமேனி அங்குக் கண்டெடுக்கப்பட்டது. பதினாறாம் தீர்த்தங்கரர் பகவான் சாந்திநாதரின் திருமஞ்சனத்திற்கெனப் பீடம் அமைத்துத் தந்தவன் நித்தியவர்ஷன் எனக் கல்வெட்டு உரைக்கிறது. 10ஆம் நூற்றாண்டில் ஆண்ட இராட்டிரகூட வேந்தன் மூன்றாம் இந்திரனே இவன் என்பர் அறிஞர். படைத்தலைவனாகவும் புலவனாகவும் புகழ்பெற்ற ஸ்ரீவிஜயன், உலகப் பற்றை நீத்துத் துறவு நெறியில் நின்றதை மற்றொரு தூண் கல்வெட்டு போற்றுகிறது. நோன்பிருந்து உயிர் நீத்தோரின் நிசீதிகைகளும் இங்கு உண்டு.

செஞ்சிக்கு அருகே திருநாதர் குன்றில், ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகையை வணங்கும் தமிழ்ச் சமணர்க்கு இச்சான்றுகள் அயலானவை அல்ல. மொழி வேறாயினும் அறம் ஒன்றே. திருநாதர் குன்றைச் சூழ்ந்த ஊர்களில் நம் மக்கள் வாழ்வதால், அங்கு வழிபாடு தொடர்கிறது. தானவுலபாட்டில் வழிபடுவோர் இல்லாது போனமையால், கோயில் மணலுக்குள் மறைந்தது. கோட்டைக்கு மதில் அரணாகும். சினாலயத்திற்கோ சங்கமே அரண் என்பதை இது உணர்த்துகிறது.

தானவுலபாட்டுச் சிற்பங்கள் சில சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. சென்னைக்குச் செல்லும் குடும்பத்தினர் தம் மக்களுடன் அவற்றைக் கண்டு வணங்குதல் நன்று. கண்டிகோட்டைக்குப் பயணம் மேற்கொள்வோர், பெண்ணையின் கரையோரமாய்த் தானவுலபாட்டிற்கும் சென்று வருவாராக. மலையை அறுத்த ஆறு கோயிலை மூடியது. மறதி அதனை மீண்டும் மூடாதிருக்கச் செய்தல் நம் கடன்.