ஆயுள் இன்ஷியூரன்ஸும் ஆலோசகரைத் தெரிந்து தெளிதலும்

பொருளை ஈட்டுதல் அரிது. ஈட்டிய பொருளைக் காத்தல் அதனினும் அரிது. ஈட்டியவன் மறைந்த பின்னர் அது அவன் மனைவி மக்களைச் சென்று சேருமாறு செய்தல் யாவற்றினும் அரிது. இம்மூன்றாவது அருமையை எளிதாக்குதற்பொருட்டு எழுந்ததே ஆயுள் இன்ஷியூரன்ஸ் என்னும் ஏற்பாடு. நம் சங்கத்தைச் சார்ந்த குடும்பங்களில் இன்று பாலிசி எடுத்தோர் பலர். ஆயினும், “எவர் சொற்கேட்டு எடுத்தீர்?” என வினவின், “நம்மவர் ஒருவர் வந்து கேட்டார், மறுக்க மனம் வரவில்லை” என்பதே அவருட் பலர் கூறும் விடையாக உள்ளது. அவ்விடை போதாது என்பதனை இவ்வேற்பாட்டின் வரலாற்றைக் கொண்டே ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

இந்நாட்டின் முதல் ஆயுள் இன்ஷியூரன்ஸ் கம்பெனியாகிய ஓரியண்டல், 1818-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தோன்றி 1834-இல் மறைந்தது. சென்னை மாகாணத்தில் 1829-இல் மதராஸ் ஈக்விடபிள் இத்தொழிலைத் தொடங்கிற்று. அக்காலத்துக் கம்பெனிகள் பெரும்பாலும் ஐரோப்பியரைக் கருதியே நடந்தன; இந்தியரை ஏற்றவிடத்தும் மிகுதியான பிரிமியம் கேட்டன. 1870-இல் எழுந்த பாம்பே மியூச்சுவல் என்னும் சங்கமே இந்தியர்க்கும் பொது விகிதத்தில் காப்பு அளித்தது. சுதேசி உணர்ச்சி ஓங்கிய 1906-இல் சென்னையில் யுனைடெட் இந்தியா கம்பெனி நிறுவப்பெற்றது.

கம்பெனிகள் பெருகியவாறே, சிறு தொகை செலுத்துவோர்க்கென்று பிராவிடெண்டு சங்கங்கள் பலவும் ஊர்தோறும் எழுந்தன. அவற்றுட் சில கையாண்ட பங்கீட்டு முறை நம்மனோர் ஊன்றி நோக்கத்தக்கது. அம்முறையில், இறந்தார் குடும்பத்திற்கு இவ்வளவு என்று முன்னரே வரையறுத்த தொகை இல்லை. குறித்த காலத்தில் சேர்ந்த பணத்தை அக்காலத்தில் உரிமை கோரினார்க்குப் பகிர்ந்தளிப்பர். புதியவர் மிகுதியாகச் சேருங்காறும் பங்கு பெரிதாயிருக்கும். அதனைக் கண்டு மேலும் பலர் சேர்வர். சேர்ந்தோர்க்கு வயது ஏற ஏற மரணங்கள் பெருகும். புதியவர் வரவு குன்றும். பங்கு தேய்ந்து ஒழியும். கடைசியில் நின்ற குடும்பங்கள் கட்டியதையும் இழக்கும். ஆயுளின் கணக்கறியாது, அண்டை வீட்டார் சேர்ந்தனர் என்பதையே சான்றாகக் கொண்டு சேர்ந்ததன் பயன் இதுவாம்.

இத்தகைய கேடுகளைக் களையும்பொருட்டே 1912-இல் ஆயுள் கம்பெனிகட்கும் பிராவிடெண்டு சங்கங்கட்கும் தனித்தனிச் சட்டங்கள் பிறந்தன. பின்னர் வந்த 1938-ஆம் ஆண்டு இன்ஷியூரன்ஸ் சட்டம் பங்கீட்டு முறையை விலக்கிற்று. ஏஜெண்டுகள் உரிமம் பெறவேண்டும் என விதித்தது. தம் கமிஷனில் ஒரு பங்கை வாடிக்கைக்காரர்க்கு விட்டுக்கொடுத்துப் பாலிசியில் சேர்ப்பதையும் குற்றமாக்கிற்று. முதலாண்டுப் பிரிமியத்தில் ஏஜெண்டுக்குக் கமிஷன் மிகுதி, பின்னாண்டுகளில் குறைவு என்பது இத்தொழிலின் நெடுநாளைய வழக்கம். ஆதலின் பழைய பாலிசியைப் பேணுவதினும் புதிய பாலிசியை விற்பதிலேயே அவர்க்கு நாட்டம் செல்லுதல் இயல்பு. இஃது ஒருவர் குணத்தின் குற்றமன்று; கூலி அமைந்த முறையின் விளைவு.

1956-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள், இந்தியக் கம்பெனிகள் 154, அயல்நாட்டுக் கம்பெனிகள் 16, பிராவிடெண்டு சங்கங்கள் 75, ஆக 245 ஸ்தாபனங்களின் தொழிலை ஏற்று ஆயுள் இன்ஷியூரன்ஸ் கார்ப்பொரேஷன் தோன்றியது. கம்பெனி முறிந்துபோம் என்னும் அச்சம் அகன்றது. பல கம்பெனிகளுள் ஒன்றைத் தேரும் வேலையும் இல்லாதொழிந்தது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர்த் தனியார் கம்பெனிகள் மீண்டும் புகுந்தன; தேரும் வேலையும் மீண்டும் வந்தது. அதனை ஒட்டி 2002-இல் இன்ஷியூரன்ஸ் தரகர்க்கென விதிகள் வகுக்கப்பெற்றன.

ஏஜெண்டு வேறு, தரகர் வேறு என்பதை நம்மவர் பலர் அறியார். ஏஜெண்டு கம்பெனியால் நியமிக்கப்பெற்று அதன் சார்பில் நிற்பவர். தரகரோ, பாலிசி எடுப்பார் சார்பில் நின்று, பல கம்பெனிகளின் பாலிசிகளை ஒப்பிட்டுக் கூறக் கடமைப்பட்டவர். தம் பிழையால் நேரும் இழப்பிற்கென்று தாமே இன்ஷியூரன்ஸ் செய்திருக்கவும் வேண்டியவர். அவர்க்கும் கமிஷன் பெரும்பாலும் கம்பெனியிடமிருந்தே வருதலின், தரகர் என்ற பெயரொன்றால் முற்றும் பற்றற்றவர் எனக் கொள்ளுதலும் ஆகாது. சிற்றூர்களில் தரகர் கிடைத்தல் அரிது; ஏஜெண்டே கிடைப்பர். அவரை நாடுதலில் இழுக்கில்லை. அவர் யார் சார்பினர் என்பதை அறியாது நாடுதலே இழுக்கு.

யாம் அறிந்த குடும்பமொன்றில் நிகழ்ந்ததைக் கூறுவோம். நீரிழிவு நோயுற்றிருந்த ஒருவர்க்கு, உறவினரான ஏஜெண்டு படிவத்தைத் தாமே எழுதி, “நோய் யாதும் இல்லை” என நிரப்பிக் கையொப்பம் மட்டும் வாங்கிச் சென்றார். ஈராண்டு நிரம்புமுன் அவர் காலமாயினார். கம்பெனி பணந்தர மறுத்தது. படிவத்தை எழுதியவர் எவராயினும், அதிலுள்ளவை கையொப்பமிட்டவர் கூற்றாகவே கொள்ளப்படும். 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மூன்றாண்டு கடந்த பாலிசியை எக்காரணங் கொண்டும் மறுத்தல் இயலாது. அதற்குள் நேர்ந்த மரணமாயின், மறைத்த நோயைக் காட்டி மறுக்கலாம். அவ்வுறவினர் வஞ்சகரல்லர், அன்புடையவரே. ஆயின் அவ்வன்பு அக்கைம்பெண்ணுக்குச் சோறிடவில்லை.

திருவள்ளுவனார் தெரிந்து தெளிதல் என்றே ஓர் அதிகாரம் வகுத்து, அன்பொன்றே காரணமாக ஆராயாது ஒருவரைத் தெளிதலைக் கடிந்தனர். அந்நெறி இதற்கும் பொருந்தும். ஆலோசகரிடம் முதற்கண் நியமனச் சான்றையோ பதிவுச் சான்றையோ காட்டுமாறு கேட்க. எக்கம்பெனியின் சார்பினர், கமிஷன் எவ்வளவு என்று கூசாது வினவுக. கமிஷனில் பங்கு தருவதாகக் கூறின் விலகுக. குடும்பத்தின் கடன், வருவாய், மக்கள் வயது ஆகியவற்றை வினவாமலே பாலிசியின் பெயரைக் கூறுவாரை நம்பற்க. படிவத்தைத் தாமே எழுதி, நோயை ஒளியாது கூறி, நகல் பெற்றுக்கொள்க. பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அதனைப் படித்து, வேண்டாதாயின் திருப்பிவிடலாம். கம்பெனி குறை தீர்க்காவிடின், சென்னையிலுள்ள இன்ஷியூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் அலுவலகத்தில் கட்டணமின்றி முறையிடலாம். இவையனைத்தையும் மனைவி உடனிருந்து கேட்டறிதல் இன்றியமையாதது. அப்பணத்தைக் கோரிப் பெற வேண்டியவர் அவரே.

நம்மவர்க்குத் தொழில் கொடுத்து ஆதரித்தல் சங்கத்தார் கடமையே. நம்முள் ஏஜெண்டுகளாக இருக்கும் இளைஞர் இவ்வினாக்களைக் கேட்டு முகஞ்சுளியாது விடை கூறுவாராயின், அவர்க்கு நற்பெயரும், நம் குடும்பங்கட்குக் காப்பும் ஒருங்கே உண்டாம். உறவை ஒருபுறம் வைத்துக் கணக்கைப் பார்த்தல் உறவுக்குக் குறைவன்று. அதுவே உறவைக் காக்கும் என்று சங்கத்தார்க்கு வணக்கத்துடன் விண்ணப்பித்துக் கொள்கின்றோம்.