பொன்னுக்கு இங்கிலாந்து கொடுத்த விலை

கலியாண வீடுகளிலே தாலிக்கொடி எத்தனை பவுண் என்று கேட்பது நம்மவர் வழக்கம். அந்தப் பவுணும் இங்கிலாந்தின் நாணயமாகிய பவுணும் ஒருகாலத்தில் ஒன்றாகவே இருந்தன. 1817இல் அங்கு வெளியான பொற்காசு ஏறக்குறைய 8 கிராம் நிறையுடையது. இருபது ஷில்லிங் பெறுமதியானது. பாங்கு வெளியிட்ட தாளை நீட்டினால் அதற்கீடாகப் பொற்காசு கொடுக்கும் வழக்கம் 1821இல் உறுதிப்பட்டது. இதையே பொன் நியமம் என்பர்.

1914இல் மூண்ட மகாயுத்தம் இந்த ஒழுங்கைக் குலைத்தது. விலைகள் ஏறின, பவுணின் மதிப்பு இறங்கிற்று. எனினும் பழைய மதிப்பை மீட்பதே நாட்டுக்கு மானம் எனப் பலர் எண்ணினர். 1925 ஏப்ரல் 28இல் நிதிமந்திரி சேர்ச்சில், பவுண் மீண்டும் பொன்னோடு பிணைக்கப்படும் என்று பாராளுமன்றத்தில் அறிவித்தார். அதுவும் யுத்தத்துக்கு முந்திய விகிதத்தில், அதாவது ஒரு பவுணுக்கு 4.86 டொலர். இது பத்து வீதம் வரை மிகையான மதிப்பு என அறிஞர் கேய்ன்ஸ் அவ்வாண்டிலேயே கண்டித்தெழுதினார்.

பத்து வீதந்தானே என்று தோன்றலாம். ஆனால் பிறநாட்டார் வாங்கும் ஆங்கில நிலக்கரியின் விலை அவ்வளவால் உயர்ந்துவிடுமல்லவா? கரி விலைப்பட வேண்டுமாயின் விலையைக் குறைக்கவேண்டும். விலையைக் குறைக்கக் கூலியைக் குறைக்கவேண்டும். சுரங்க முதலாளிகள் அதையே கேட்டனர். பொன் ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஜெர்மன் சுரங்கங்கள் மீண்டும் இயங்கியதும் ஒரு காரணம். 1926 மே மாதத்தில் நாடெங்கும் பொது வேலைநிறுத்தம் நடந்தது. ஒன்பது நாளில் ஏனையோர் வேலைக்குத் திரும்ப, சுரங்கத் தொழிலாளர் மாத்திரம் நவம்பர்வரை பட்டினியோடு நின்று, ஈற்றில் குறைந்த கூலிக்கே இறங்கினர். இவ்வேலைநிறுத்தத்தைப் பள்ளிக்கூடச் சரித்திர பாடத்தில் நாம் படித்திருக்கிறோம். பொன்னைப்பற்றி அங்கே ஒரு சொல்லும் கேட்ட ஞாபகமில்லை.

இன்னொரு விந்தையுண்டு. 1925ஆம் ஆண்டுச் சட்டப்படி தாளுக்குக் காசு கிடையாது. ஏறக்குறைய 400 அவுன்ஸ் நிறையுள்ள கட்டியே கிடைக்கும். அதை வாங்க 1,700 பவுண் வரை வேண்டும். எந்தச் சுரங்கத் தொழிலாளி அதை வாங்கியிருப்பான்?

1931இல் ஒஸ்திரியாவின் பெரிய பாங்கொன்று நொடிந்தது. பீதி பரவி, அந்நியர் இலண்டனிலிருந்து தம் பணத்தை மீட்டனர். வேலையற்றோர் உதவிப்பணத்தையும் கடற்படையினர் சம்பளத்தையும் அரசாங்கம் வெட்டியது. கடற்படையினர் கப்பலை எடுக்க மறுத்தனர். செப்டெம்பர் 21இல் இங்கிலாந்து பொன்னைக் கைவிட்டது.

கதை அத்துடன் முடியவில்லை. இந்திய ரூபாய் பவுணோடு 1 ஷில்லிங் 6 பென்ஸ் வீதம் கட்டப்பட்டிருந்தது. பவுண் இறங்கவே ரூபாயும் இறங்கியது. பொன் விலை ஏறியது. விளைபொருள் விலை விழுந்து, வரியும் வட்டியும் குறையாதிருந்த வேளை அது. கமக்காரர் வீட்டு நகைகள் விலைப்பட்டன. அவை கட்டிகளாக உருக்கப்பட்டுப் பம்பாயிலிருந்து கப்பலேறி இலண்டனுக்குச் சென்றன.